எழுநூறோடு நின்ற ஆண்டு

(தொடர் – 14)

1953-ல் 300. 1954-ல் 3,640. 1955-ல் 700.

செவர்லே கார்வெட் காரின் முதல் மூன்று ஆண்டு உற்பத்திக் கணக்கு இவ்வளவுதான். மூன்றையும் கூட்டினால் 4,640 வரும். அதே காலத்தில் செவர்லே தன் சாதாரண குடும்பக் கார்களை ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிக்கொண்டிருந்தது. அதன் தொழிற்சாலைகள் எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் இறக்கும் கார்களின் எண்ணிக்கைக்குத்தான் கார்வெட்டின் மூன்று வருட உழைப்பு ஈடாகும்.

இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு கதை சொல்லச் சொன்னால் யாரும் இப்படித்தான் சொல்வார்கள்: முதல் வருடம் தயங்கித் தயங்கித் தொடங்கினார்கள், இரண்டாம் வருடம் வியாபாரம் சூடுபிடித்தது, மூன்றாம் வருடம் படுத்துவிட்டது. நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அந்தக் கார் படுத்தது இரண்டாம் வருடம், அதாவது எண்ணிக்கை ஏறி நிற்கும் வருடம். அது பிழைத்து எழுந்தது 700-ஓடு நின்ற வருடம். எத்தனை கார் செய்தார்கள் என்ற கணக்கை, எந்த எஞ்சினைப் போட்டுச் செய்தார்கள் என்ற கணக்கோடு சேர்த்துப் படித்தால்தான் இது விளங்கும். இந்தப் பகுதி முழுக்க அந்த இரட்டைப் படிப்புதான்.

ஒரு சிறு குறிப்பு முதலில். அமெரிக்கக் கார்களின் ஆண்டு, நாள்காட்டி ஆண்டு கிடையாது. 1955-ஆம் ஆண்டு மாடல் என்றால் அது 1954 இலையுதிர் காலத்திலேயே விற்பனைக்கு வந்துவிடும். மேலே உள்ள மூன்று எண்களும் மாடல் ஆண்டுக் கணக்கு. பழைய கார்களைப் பற்றிய தகராறுகளில் பாதி, இந்த இரண்டு ஆண்டுக் கணக்கையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருவதே.

1953 ஜனவரி 17. நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் ஜெனரல் மோட்டார்ஸின் மோட்டோரமா கண்காட்சி. அங்கே நின்ற வெள்ளை நிற இரட்டை இருக்கைக் காரைப் பற்றிச் சென்ற பகுதியில் பார்த்தோம். வடிவமைப்புத் துறைத் தலைவர் ஹார்லி ஏர்லின் கனவு அது. செவர்லேயின் தலைமைப் பொறியாளர் எட் கோல் அதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். கூட்டம் காட்டிய ஆர்வத்தைப் பார்த்து உடனே உற்பத்தி என்று முடிவானது. கண்காட்சி நடந்து ஆறு மாதம் முடிவதற்குள், ஜூன் 30 அன்று, மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளிண்ட் நகரில் முதல் கார் வெளியே வந்தது. இன்றைக்கும் ஒரு கார் கம்பெனி நினைத்துப் பார்க்க முடியாத வேகம் இது.

அந்த வேகத்துக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, உடல் முழுக்க ஃபைபர் கிளாஸ். இரும்புத் தகட்டை அழுத்தி உருவம் கொடுக்க வேண்டுமானால் பெரிய பெரிய அச்சுகள் செய்ய வேண்டும். அதற்குப் பணமும் பிடிக்கும், மாதங்களும் பிடிக்கும். கண்ணாடி இழையையும் பிசினையும் வைத்துச் செய்தால் அச்சுச் செலவு வெகுவாகக் குறையும், கார் சீக்கிரம் வந்துவிடும். ஒஹாயோ மாநிலத்து ஆஷ்டபூலாவில் ராபர்ட் மாரிசன் நடத்திய மோல்டட் ஃபைபர் கிளாஸ் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போனது. அங்கிருந்து துண்டு துண்டாக வந்த பாகங்களை ஃப்ளிண்டில் ஒட்டி ஒரு உடலாக்கினார்கள். இவ்வளவு பெரிய கம்பெனி இந்தப் பொருளில் தொடர்ந்து கார் செய்வது அதுவே முதல்முறை. எனவே ஒட்டுகிறவர்கள் ஒட்டிக்கொண்டே தொழில் கற்றார்கள்.

இரண்டாவது காரணம், உடலுக்கு அடியில் இருந்ததெல்லாம் பழைய சரக்கு. மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சேஸிஸுக்குச் சட்டகத்தைப் புதிதாக வரைந்தார் என்றாலும், முன்சக்கரத் தொங்கல் அமைப்பு தொடங்கி எஞ்சின் வரை பெரும்பாலானவை செவர்லே குடும்பக் காரின் உதிரிபாக அலமாரியிலிருந்து எடுத்தவை.

ஃப்ளிண்டில் அதற்கென்று பெரிய ஆலையும் கிடையாது. வான் ஸ்லைக் சாலையில் வாடிக்கையாளருக்குக் கார் ஒப்படைக்கும் கட்டடத்தின் பின்பக்கம் ஒரு தற்காலிக வரிசை. ஆறு சேஸிஸ் நீளம்தான். கைவேலை போல நாளுக்கு ஒன்று, பிறகு இரண்டு, மூன்று என்று செய்து, ஆண்டு முடிவதற்குள் 300-ஐ எட்டினார்கள். அந்த 300, சந்தை கேட்ட எண்ணிக்கை இல்லை. செயிண்ட் லூயிஸில் நிரந்தர வரிசை தயாராகும் வரை கை பழக இவ்வளவு போதும் என்று கம்பெனி தானே வரைந்துகொண்ட கோடு. அந்தக் கார்களும் கடைக்கு வந்து வரிசையில் நின்ற யாருக்கும் கிடைக்கவில்லை. ஊர்ப் பெரிய மனிதர்கள், புகழ்பெற்றவர்கள் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள்.

300-ம் ஒரே மாதிரி. வெளியே போலோ வெள்ளை, உள்ளே சிவப்பு, மேலே கறுப்புத் துணிக்கூரை. விலை 3,498 டாலர். ரேடியோவும் ஹீட்டரும் விருப்பத் தேர்வு என்று விலைப்பட்டியலில் இருக்கும். ரேடியோ 145 டாலர் 15 சென்ட், ஹீட்டர் 91 டாலர் 40 சென்ட். ஆனால் இரண்டும் இல்லாத கார் ஒன்றுகூட வெளியே வரவில்லை. வாங்குகிறவர் இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டியே ஆக வேண்டும்.

இந்த ரேடியோவுக்குப் பின்னால் ஒரு நல்ல பொறியியல் கதை இருக்கிறது. இரும்பு உடல் கொண்ட கார்களில் எஞ்சின் அறையைச் சுற்றியிருக்கும் இரும்பே, ஸ்பார்க் பிளக்கிலிருந்து கிளம்பும் மின் இரைச்சலைத் தடுத்துவிடும். ஃபைபர் கிளாஸ் அதைத் தடுக்காது. ரேடியோவைத் திருகினால் பாட்டுக்குப் பதில் கரகர சத்தம் கேட்கும். அதனால் டிஸ்ட்ரிபியூட்டரையும் பிளக் ஒயர்களையும் உலோக மூடி போட்டு மறைத்தார்கள். அதே ஃபைபர் கிளாஸ் ரேடியோ அலையை உள்ளே விடுகிறதே என்று, ஆன்டெனாவை வெளியே நீட்டாமல் டிக்கி மூடிக்குள்ளேயே கம்பி வலையாகப் பதித்துவிட்டார்கள். விளக்கு, ஹாரன் என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக எர்த் ஒயர் இழுக்க வேண்டியிருந்தது. சாதாரணக் காரில் உடலே எர்த். புதிய பொருள் ஒன்று வந்தால் எத்தனை மூலைகளில் போய் முட்டுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ரேடியோவை நினைவில் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

இனி எஞ்சின்.

முதல் மூன்று வருடக் கதையின் நோயும் மருந்தும் இங்கேதான். 1953-ல் தேர்ந்தெடுக்க வழியே இல்லை. ஒரே எஞ்சின், ஒரே கியர்பெட்டி. எஞ்சினுக்கு ‘புளூ ஃபிளேம்’ என்று பெயர். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், 235 கன அங்குலம் கொள்ளளவு. அதன் வம்சம் 1930-களுக்குப் போகிறது. அமெரிக்காவின் தபால் வண்டியும் பால் வண்டியும் பள்ளிக்கூட வண்டியும் அந்த வம்சத்து எஞ்சின்களால் ஓடியவை. நம்பகமானது, சலிக்காமல் உழைப்பது, வேகத்துக்குப் பெயர் வாங்காதது.

அதை வைத்துக்கொண்டு எட் கோலின் ஆட்கள் செய்த வேலையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. குடும்பக் காரில் 115 குதிரைத்திறன் தந்துகொண்டிருந்த எஞ்சினை 150-க்கு உயர்த்தினார்கள். அமுக்க விகிதத்தை 8-க்கு 1 ஆக்கினார்கள். வால்வுகளை அதிகமாகத் திறக்கும் கேம் ஷாஃப்ட், இரட்டை வால்வு ஸ்பிரிங், ஹைட்ராலிக்குக்குப் பதில் திட லிஃப்டர். ஒரு கார்புரேட்டருக்குப் பதில் மூன்று. பானட் தாழ்வாக இருந்ததால் கார்புரேட்டரை மேலே உட்கார வைக்க இடமில்லை. பக்கவாட்டில் காற்று இழுக்கும் கார்ட்டர் கார்புரேட்டர் மூன்றை எஞ்சினின் விலாவில் மாட்டினார்கள். கைவசம் இருந்ததிலிருந்து 35 குதிரைகளைக் கறந்த அந்த உழைப்பு மரியாதைக்குரியது.

கியர்பெட்டி விஷயத்தில் அந்த மரியாதையைக் காட்ட முடியவில்லை. அந்தத் திறனைத் தாங்கக்கூடிய பொருத்தமான கை கியர் செவர்லேயிடம் அப்போது கிடையாது. அதனால் ‘பவர்கிளைடு’ ஆட்டோமேட்டிக்கைப் போட்டார்கள். முன்னோக்கிப் போக இரண்டே கியர். ஜாகுவார், எம்.ஜி. என்று ஐரோப்பியக் கார்களில் கிளட்சை மிதித்துக் கியரை மாற்றி ஓட்டிப் பழகிய ரசிகர்களுக்கு இது ஏமாற்றம். நின்ற நிலையிலிருந்து 60 மைல் வேகம் எட்ட ஏறத்தாழ 11 விநாடி ஆனது. வெளியே பார்த்தால் பந்தயக் கார், உள்ளே உட்கார்ந்து மிதித்தால் வீட்டுக் கார். இந்த முரண்தான் நோய்.

1954-ல் உற்பத்தி மிசௌரி மாநிலத்தின் செயிண்ட் லூயிஸுக்குப் போனது. ஆண்டுக்குப் பத்தாயிரம் கார் என்பது அங்கே போட்ட திட்டம். வெள்ளையோடு நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறங்கள் வந்தன. ஆனால் வாங்க முடிந்தவர்களுக்கெல்லாம் காரைக் காட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. கண்காட்சியில் கைதட்டிய கூட்டமும் காசு எடுத்து வைக்கும் கூட்டமும் வேறு வேறு. பக்கவாட்டில் ஏற்றி இறக்கும் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் பிளாஸ்டிக் திரையைச் சொருகிக்கொள்ள வேண்டும், அதையும் மீறித் தண்ணீர் வரும். கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது. திரையை விலக்கி உள்ளே கைவிட்டுத் திறக்க வேண்டும். சொகுசு தேடியவருக்கு இது சொகுசாக இல்லை. வேகம் தேடியவருக்குப் பவர்கிளைடு.

விலையைக் குறைத்துப் பார்த்தார்கள். 3,498-லிருந்து 2,774 டாலர். குறைப்பு பெரிதாகத் தோன்றும். ஆனால் முந்தைய விலைக்குள் அடங்கியிருந்த பவர்கிளைடை இப்போது 178 டாலர் 35 சென்ட் தனி விலைக்குக் காட்டினார்கள். அதை வேண்டாம் என்று சொல்ல வேறு கியர்பெட்டி இல்லாததால் 3,640 காரும் அதோடுதான் வந்தன. இன்றைக்குப் பழைய கணக்கேடுகளைப் பார்க்கிறவர், 1954-ல் எல்லோரும் ஆட்டோமேட்டிக்கை விரும்பி வாங்கியதாக நினைத்துவிடக் கூடாது. விருப்பத் தேர்வுப் பட்டியலில் நூற்றுக்கு நூறு என்ற எண்ணைக் கண்டால் அங்கே விருப்பம் இல்லை என்று புரிந்துகொள்ள வேண்டும்.

பத்தாயிரம் போட்ட இடத்தில் 3,640-ஓடு நிறுத்தினார்கள். செய்ததிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவை ஆண்டு முடிவில் விற்காமல் நின்றன. அந்த வருடத்து எண்ணை நான் தோல்வியின் எண் என்று சொல்வது இதனால்தான். செய்த எண்ணிக்கை வேறு, விற்ற எண்ணிக்கை வேறு. உற்பத்திக் கணக்கு முதலாவதை மட்டுமே சொல்லும்.

இந்த நேரத்தில் ஒரு மனிதரை உள்ளே அழைத்து வர வேண்டும். ஜோரா ஆர்க்கஸ்-டன்டோவ். 1909-ல் பிரஸ்ஸல்ஸில் பிறந்து, ரஷ்யாவில் வளர்ந்து, பெர்லினில் பொறியியல் படித்தவர். போரில் ஐரோப்பாவை விட்டு நியூயார்க் வந்து, தம்பியோடு சேர்ந்து ஆர்டன் என்ற பெயரில் தொழில் நடத்தினார். ஃபோர்டின் பழைய வி-8 எஞ்சினுக்கு மாற்று சிலிண்டர் ஹெட் செய்து விற்ற நிறுவனம் அது. வால்டார்ஃப் அஸ்டோரியாவில் அந்த வெள்ளைக் காரைப் பார்த்து, அதன் அழகில் மயங்கி, செவர்லேக்குக் கடிதம் எழுதி, 1953 மே மாதம் வேலையில் சேர்ந்தார். சேர்ந்த ஆண்டு டிசம்பரிலேயே மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். அமெரிக்காவில் காரைப் பிரித்து மேய்ந்து வேகம் கூட்டும் இளைஞர்கள் எல்லோரும் ஃபோர்டின் பக்கம் இருக்கிறார்கள். அவர்களை இழுக்க வேண்டுமானால் வேகம் கூட்டும் பாகங்களை நாமே செய்து கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் இன்னொரு குறிப்பு. அப்போது கார்வெட்டை மூடிவிடலாம் என்ற பேச்சு கம்பெனிக்குள் பலமாக ஓடிக்கொண்டிருந்தது. அதே மாதம் ஃபோர்டு, தண்டர்பேர்ட் என்ற இரட்டை இருக்கைக் காரை விற்பனைக்கு இறக்கியது. வி-8 எஞ்சின், ஏற்றி இறக்கும் கண்ணாடி, கார்வெட்டில் இல்லை என்று ஜனங்கள் முணுமுணுத்த எல்லாமும் அதில் இருந்தன. கோலுக்கும் ஆலிக்கும் டன்டோவ் எழுதியது இதுதான்: இப்போது கைவிட்டால் தோற்றுப்போனதாக நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும், ஃபோர்டு அதை வைத்து நம்மை அடிக்கும். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடமே ஆன, ஆங்கிலம் இன்னும் வாயில் படியாத ஒரு பொறியாளர் மேலிடத்துக்கு இப்படி எழுதுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் குறிப்பால் மட்டும் கார் ஓடாது. எட் கோல் மேசை மேல் வேறொன்று தயாராகிக்கொண்டிருந்தது.

செவர்லே 1917-18-ல் ஒரு வி-8 எஞ்சின் செய்து கைவிட்ட கம்பெனி. அதன்பின் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அந்தப் பக்கமே போகவில்லை. 1932-லிருந்து ஃபோர்டு வி-8 விற்றுக்கொண்டிருக்க, செவர்லே ஆறு சிலிண்டரே போதும் என்று உட்கார்ந்திருந்தது. கேடிலாக்கில் வி-8 எஞ்சின் செய்து பெயர் வாங்கிய கோல் 1952-ல் செவர்லேக்கு வந்ததும், அங்கிருந்து ஹாரி பார் என்ற பொறியாளரையும் வரவழைத்துக்கொண்டு புதிய எஞ்சினில் இறங்கினார்.

265 கன அங்குலம். சிலிண்டர் துளை 3.75 அங்குலம், பிஸ்டன் ஓட்டம் 3 அங்குலம். இந்த விகிதத்தைக் கவனிக்க வேண்டும். பழைய ஆறு சிலிண்டரில் துளை மூன்றரை அங்குலத்துக்குச் சற்று அதிகம், ஓட்டம் நாலு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அதாவது ஒடுங்கிய குழாயில் பிஸ்டன் நீளமாக ஏறி இறங்க வேண்டும். புதியதில் அகலமான குழாய், குட்டை ஓட்டம். பிஸ்டன் கடக்கும் தூரம் குறைந்தால் எஞ்சினை அதிகச் சுழற்சிக்கு விரட்டலாம். ஆறு சிலிண்டர் 4,200 சுழற்சியில் தன் உச்சத்தைத் தொட்டு ஓய்ந்தது. வி-8 தன் 195 குதிரைத்திறனை 5,000 சுழற்சியில் தந்தது.

ராக்கர் ஆர்ம் விஷயம் இன்னும் அழகு. அதுவரை ராக்கர்கள் எல்லாவற்றையும் ஒரு நீண்ட தண்டில் கோத்து, அந்தத் தண்டைத் தாங்கிகளில் பொருத்துவார்கள். கனம், செலவு இரண்டும் அதிகம். புதிய எஞ்சினில் தகட்டை அழுத்தி வளைத்த சிறிய ராக்கர். ஒவ்வொன்றும் தனித்தனித் திருகாணியில் ஒரு அரைக்கோள வடிவத் தாங்கியின் மேல் அசையும். பான்டியாக் பிரிவில் பிறந்த யோசனை இது. புஷ்ராடுகள் உள்ளீடற்ற குழாய். அதன் வழியாகவே எண்ணெய் மேலே ஏறி ராக்கரை நனைக்கும். தனி எண்ணெய்க் குழாய் வேண்டாம். பிளாக்கை வார்ப்பதிலும் சுவரை மெல்லியதாக வார்க்கப் புது முறை. இப்படி ஒவ்வொரு இடத்திலும் ஒரு அவுன்ஸ், ஒரு சென்ட் என்று குறைத்துக் குறைத்துக் கடைசியில் எடை போட்டுப் பார்த்தால், எட்டு சிலிண்டர் எஞ்சின் பழைய ஆறு சிலிண்டரைவிட முப்பது நாற்பது பவுண்டு லேசாக இருந்தது. இரண்டு சிலிண்டர் கூடியும் எடை குறைந்தது. கொல்லனும் தச்சனும் கணக்குப்பிள்ளையும் ஒரே ஆளுக்குள் உட்கார்ந்து யோசித்தால்தான் இப்படி ஒன்று வரும். குறையும் இருந்தது: 1955-ஆம் ஆண்டு பிளாக்கில் ஆயில் ஃபில்டர் பொருத்த இடமே விடவில்லை, அடுத்த வருடம்தான் சரிசெய்தார்கள்.

இந்த எஞ்சின் 1955 கார்வெட்டுக்கு வந்தது. ஆறு சிலிண்டர் கார் பழைய 2,774 டாலருக்கே கிடைக்கும். வி-8 வேண்டுமானால் கூட 135 டாலர். கார்வெட்டின் வரலாற்றில் வாங்குகிறவர் முன்னால் வைத்த முதல் எஞ்சின் தேர்வு இதுதான். பதில் ஐயத்துக்கு இடமில்லாமல் வந்தது. 700 கார்களில் ஆறு சிலிண்டரோடு போனவை பத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் வி-8. 60 மைல் வேகம் எட்ட ஒன்பது விநாடிகூட ஆகவில்லை. ஆண்டின் கடைசியில் மூன்று கியர் கொண்ட கை கியர்பெட்டியும் சில கார்களில் ஏறியது.

அப்படியானால் ஏன் வெறும் 700? போன வருடத்துக் கார்கள் இன்னும் கடைகளில் நின்றன. அவற்றைத் தள்ளிவிடாமல் புதியதைக் குவிக்கக் கம்பெனிக்குத் தைரியம் இல்லை. உடலும் மாறவில்லை; பார்க்கிறவர் கண்ணுக்கு அதே பழைய கார், அதே பிளாஸ்டிக் திரை. எஞ்சின் மாறியதற்கு வெளியடையாளம் ஒன்றுதான்: பக்கவாட்டில் எழுதியிருக்கும் செவர்லே என்ற ஆங்கிலப் பெயரில் ‘வி’ எழுத்தை மட்டும் பெரிதாக்கிப் பொன்னிறத்தில் பதித்தார்கள். அந்த வருடம் தண்டர்பேர்ட் 16,155 விற்றது. ஒரு கார்வெட்டுக்கு இருபத்து மூன்று தண்டர்பேர்ட்.

மூடுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா என்று தோன்றும். ஆனால் அந்த 16,155-தான் கார்வெட்டைக் காப்பாற்றியது. போட்டிக்காரன் இவ்வளவு விற்கிற சந்தையிலிருந்து செவர்லே வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது என்ற பெயர் வரக்கூடாது என்பது மேலிடத்துக்கு உறைத்தது. டன்டோவின் குறிப்பில் இருந்த வாதத்துக்கு ஃபோர்டே சாட்சி சொன்னது. அதோடு, இந்த உடலுக்கு ஏற்ற எஞ்சின் கடைசியில் கிடைத்துவிட்டது என்பதை அந்த 700 கார்களையும் ஓட்டிப் பார்த்தவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

இன்றைக்கு இந்தக் கார்களைத் தேடுகிறவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது சேஸிஸ் நம்பரை. அதைப் படிக்கத் தெரிந்தால் முழுக் கதையும் அதிலேயே இருக்கிறது. 1953-ஆம் வருடக் கார் ‘இ53எஃப்’ என்று தொடங்கும். ‘இ’ கார்வெட்டைக் குறிக்கும், ‘எஃப்’ ஃப்ளிண்ட். எண் 1001-ல் தொடங்கி 1300-ல் முடியும். 1954-ல் ‘எஃப்’ போய் ‘எஸ்’ வந்துவிடும், செயிண்ட் லூயிஸ். 1955-ல் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ‘வி’ ஏறிக்கொள்ளும்: ‘விஇ55எஸ்’. அந்த முதலெழுத்து இல்லாத 1955 கார், அந்தச் சொற்ப ஆறு சிலிண்டர் கார்களில் ஒன்று. மின்சாரத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம்: வி-8 கார்களுக்கு 12 வோல்ட், ஆறு சிலிண்டருக்குப் பழைய 6 வோல்ட்.

1956-ல் புதிய உடல் வந்தது. ஏற்றி இறக்கும் கண்ணாடி, கதவுக்கு வெளியே கைப்பிடி, வேண்டுமானால் கழற்றி மாட்டக்கூடிய கெட்டிக் கூரை. ஆறு சிலிண்டர் பட்டியலிலிருந்தே போய்விட்டது. மூன்று கியர் கை கியர்பெட்டி அடிப்படையாகவும் பவர்கிளைடு உண்மையான விருப்பத் தேர்வாகவும் மாறின. அடிப்படை எஞ்சின் 210 குதிரைத்திறன். இரண்டு கார்புரேட்டர் வைத்தால் 225. டன்டோவ் வடிவமைத்த கேம் ஷாஃப்டும் சேர்ந்தால் 240. அந்த ஆண்டின் தொடக்கத்தில் டேடோனா கடற்கரை மணலில் டன்டோவ் தானே ஓட்டி மணிக்கு 150 மைலைத் தொட்டார். 3,467 கார் செய்தார்கள். 1954-ஐவிடக் குறைவுதான்.

அடுத்து வருவது எனக்கு மிகப் பிடித்த பட்டியல். 1957-ல் துளையை 3.75-லிருந்து 3.875 அங்குலமாக விரித்து 283 கன அங்குலமாக்கினார்கள். ஓட்டம் அதே 3 அங்குலம். மொத்தம் 6,339 கார். அதில் அடிப்படை 220 குதிரைத்திறன் எஞ்சினோடு போனவை 1,633. இரட்டை கார்புரேட்டர் 245-ஐக் கேட்டவர்கள் 2,045 பேர். அதே அமைப்போடு டன்டோவ் கேம் சேர்த்த 270-க்கு 1,621 பேர். மிச்சம் 1,040 கார்கள், கார்புரேட்டரையே தூக்கி எறிந்தவை.

நான்கில் மூன்று பேர் எஞ்சினுக்காகக் கூடுதல் பணம் கட்டியிருக்கிறார்கள். நான்கு வருடத்துக்கு முன் தேர்வே இல்லாமல் ரேடியோவுக்கும் ஹீட்டருக்கும் பணம் பிடுங்கிக்கொண்ட அதே காரில், இப்போது ஜனங்கள் தாமாக முன்வந்து வேகத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். டன்டோவ் 1953 டிசம்பரில் எழுதிய குறிப்பு இங்கே எண்களாக மாறி நிற்கிறது.

அந்த 1,040 கார்களில் இருந்தது ரோசெஸ்டர் நிறுவனத்தின் ‘ராம்ஜெட்’ எரிபொருள் உட்செலுத்தும் அமைப்பு. ஜான் டோல்சா என்ற பொறியாளரின் வேலை. டன்டோவும் உடன் உழைத்தார். மின்னணுவியல் ஒன்றும் கிடையாது. உள்ளே போகும் காற்றின் அளவை அழுத்த வேறுபாட்டால் உணர்ந்து, அதற்கேற்ற பெட்ரோலைக் குழல் வழியாக ஒவ்வொரு சிலிண்டர் வாசலிலும் தெளிக்கும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஒருபக்கமாக ஒதுங்கி எஞ்சின் திணறுமே, அந்தத் தொல்லை இதில் இல்லை. விலை 484 டாலர் 20 சென்ட். மென்மையான கேமோடு 250 குதிரைத்திறன், டன்டோவ் கேமோடு 283.

283 கன அங்குலத்துக்கு 283 குதிரைத்திறன். கன அங்குலத்துக்கு ஒரு குதிரை என்று செவர்லே விளம்பரத்தில் முழங்கியது. அமெரிக்காவில் அதுவே முதல் என்று இன்றும் எழுதுகிறார்கள், சரியில்லை. முந்தைய ஆண்டே கிரைஸ்லர் 300-பி காரில் 354 கன அங்குல எஞ்சினை 355 குதிரைத்திறனுக்கு விருப்பத் தேர்வாகத் தந்திருந்தது. முதல் என்ற பட்டம் இல்லாமலே கார்வெட்டின் 283 போற்றத்தக்கது. ஆறு சிலிண்டரில் மூன்று கார்புரேட்டர் மாட்டி 150-ஐக் கறந்த அதே ஆட்கள், நாலே வருடத்தில் அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியிருந்தார்கள்.

1,040-ஐ இன்னும் பிரிக்கலாம். 250 குதிரைத்திறன், கை கியர்: 182. அதே எஞ்சின், பவர்கிளைடு: 102. 283 குதிரைத்திறன்: 713. மிச்சம் 43. இந்த 43-ம் பந்தயத்துக்கென்றே செய்தவை. எஞ்சின் அறையின் சூட்டுக் காற்றை எடுக்காமல், முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றை நேராக இழுக்கும் ஒரு பெட்டியை உள்ளே பொருத்தினார்கள். சுழற்சியைக் காட்டும் மீட்டரை டேஷ்போர்டிலிருந்து எடுத்து, ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே ஸ்டியரிங் தண்டின் மேல் வைத்தார்கள். விலை 726 டாலர் 30 சென்ட்.

இந்தக் காரை வாங்குகிறவர் எவ்வளவு பணம் கொடுத்தாலும் ரேடியோ கிடைக்காது. ரேடியோ இல்லாததால் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் பிளக் ஒயர்களுக்கும் போட்டிருந்த உலோக மூடிகளும் தேவைப்படவில்லை. ஃப்ளிண்டில் முதல் காரிலிருந்து மாட்டி வந்ததைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

(அடுத்த பகுதியில் 1957 மார்ச், செப்ரிங்)